தட்டினால் பாட வேண்டும்

இது நடந்தது. யாரோ யாருக்கோ சொல்லி, காது மூக்கு வைத்து வந்த கதை இல்லை. இதில் வருகிற பிரசாந்தினி டீச்சர் இன்னும் உயிரோடு இருக்கிறாள். லுணுகலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நீங்களே பார்த்திருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் ஆனைக்கல் தோட்டத்துக்கு ஏறிப் போய், தொழிலாளர் வீட்டு வரிசையான மேல் லயத்துக்கு எதிரே இருக்கிற வேதக்கோயிலுக்குள் எட்டிப் பாருங்கள். பீடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கும். அதற்குக் கதவு இருக்காது. நிலையில் ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருக்கும். அந்தக் கதவைக் கழற்றி எரித்துவிட்டார்கள்.

ஏன் எரித்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

ஆனைக்கல் கோயில் சின்னது. கருங்கல் சுவர், தகரக் கூரை, இரண்டு பக்கமும் எட்டெட்டு பெஞ்சு. 1899இல் கட்டியது. போதகர் பதுளையிலிருந்து மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையை வெஸ்ட்ரி என்பார்கள். போதகர் அங்கி மாட்டுவதும், பழைய புத்தகங்களை வைப்பதும் அங்கேதான். ஒரே கதவு. அதற்கு வெளிப்பக்கம் ஓர் இரும்புத் தாழ்ப்பாள். உள்ளே, ஆள் எட்டாத உயரத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்தக் கோயிலிலும் இல்லாத வழக்கம். ஆராதனை நடக்கும்போது வெஸ்ட்ரிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டால், உடனே எல்லோரும் எழுந்து பாட வேண்டும். சத்தம் நிற்கும் வரைக்கும் பாட வேண்டும். கதவைத் திறக்கக் கூடாது. அந்தப் பக்கம் பார்க்கவும் கூடாது.

எப்போதாவது ஒருமுறைதான் தட்டும். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை. டக்... டக்... டக். மூன்று தட்டு. கொஞ்சம் விட்டு இன்னும் மூன்று. ஒரு பாட்டு முடிவதற்குள் நின்றுவிடும். 1974இல், அரிசி கிடைக்காமல் தோட்டங்களில் சனம் செத்துக்கொண்டிருந்த காலத்தில் இது தொடங்கியது என்று லயத்தில் சொல்வார்கள். பசியில் செத்த ஏதோ ஒரு பேய், பாட்டுக் கேட்டால் ஓடிவிடும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பிரசங்கம் நீண்டு போனால் பின் பெஞ்சிலிருந்து காலால் பலகையில் தட்டுவார்கள். முன் பெஞ்சுப் பெண்கள் திடுக்கென்று எழுந்து பாடத் தொடங்குவார்கள். பிரசங்கம் அதோடு முடிந்தது.

பிரசாந்தினிக்கு இதெல்லாம் புதிது. அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைத் தபால் கந்தோருக்கு வேலைக்கு வந்தவர். அவள் ஆனைக்கல் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்து, உபதேசியார் பாக்கியநாதனின் மகனைக் கல்யாணம் பண்ணினாள். அவன் கட்டாரில் வேலை செய்கிறான். கோயிலை ஒட்டிய வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும். மாமனாருக்கு எழுபத்தேழு வயது. நாற்பது வருஷம் உபதேசியாராக இருந்து ஓய்ந்தவர். மருமகளிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. காலையில் அவளுக்கு முன் எழுந்து பிளேன்டீ ஊற்றி வைக்கிற மனுஷன். தன் அப்பாவைவிட இவரிடம்தான் அவளுக்குப் பாசம் அதிகம். அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024இல் கோயிலுக்கு நூற்றிருபத்தைந்து வருஷம். செப்டெம்பர் எட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை விழா என்று போதகர் முடிவு செய்தார். அந்த ஒரு ஞாயிறுதான் அவருக்கு ஒழிவு. கோயில் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக எழுதும் வேலை பிரசாந்தினியிடம் வந்தது. பழைய ஆட்களிடம் கேட்டு எழுதினாள். அதில்தான் பிடியரிசி பற்றித் தெரிந்தது. முந்தி இந்தக் கோயிலில் பெண்கள் ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கோயில் பெட்டியில் கொட்டுவார்களாம். 1974இல் நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு அந்த வழக்கம் பிடித்துப்போனது. மாமனாரிடம் சொன்னாள். சேரும் அரிசியில் விழாவன்று எல்லோருக்கும் சமைத்துப் போடலாம் என்றாள்.

"வேணாம்மா," என்றார் அவர். "இப்ப யாரு அரிசி குடுப்பா."

"எல்லாரும் ஓம் எண்டுட்டினம் மாமா."

"அப்ப ஒரு பிளாஸ்டிக் வாளிய வையி. அந்தப் பொட்டிய எடுக்காத."

ஏன் என்று கேட்டாள். அவர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பெட்டி வெஸ்ட்ரியில், உடைந்த பெஞ்சுகளுக்குக் கீழே கிடந்தது. பலாப்பலகைப் பெட்டி. தலைகீழாகக் கவிழ்த்திருந்தது. மூடியை நான்கு பக்கமும் ஆணி அடித்திருந்தார்கள். அரிசிப் பெட்டிக்கு எதற்கு ஆணி... அவள் யோசிக்கவில்லை. ஆணிகளைப் பிடுங்கிக் கழுவிக் காயவைத்தாள். புதுப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டாள். சாவி அவளுடைய தாலிக்கொடியில்.

ஆகஸ்ட் நாலாம் திகதி முதல் பிடியரிசி வந்தது. முதல் பெஞ்சில் எப்போதும் உட்காரும் ஏசுவடியாள் அக்காதான் முதலில் கொட்டினாள். அறுபது வயது, கொழுந்து பறித்துக் காய்த்த கை, யாருக்கும் பயப்படாத வாய். "அரிசில கல்லு கெடந்தா கடவுளு கோவிச்சுக்குவாரா டீச்சர்?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தாள். ஒரு வீட்டில் சிவப்பரிசி, ஒரு வீட்டில் வெள்ளை நாடு, ஒரு வீட்டில் சம்பா. எல்லாம் கலந்து பெட்டிக்குள் விழுந்தது. சர்ர்ர்... என்று சத்தம். பிரசாந்தினி சின்னத் தகரச் சுண்டு ஒன்றால் அளந்தாள். முப்பத்தாறு சுண்டு. கையால் மேலே பரவி மட்டமாக்கிவிட்டுப் பூட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை, ஆகஸ்ட் பத்து, கோயில் கூட்டப் போனபோது பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

அரிசியின் நடுவில் ஒரு குழி.

எலி என்று நினைத்தாள். எலி தின்றால் சிதறியிருக்கும். இது சிதறவில்லை. குனிந்து பார்த்தாள். குழியின் ஓரத்தில் நாலு கோடு. நாலு விரல் போன தடம். ஒரு பக்கம் ஒரு கட்டை விரல்.

யாரோ ஒரு பிடி அள்ளியிருக்கிறார்கள். பூட்டு பூட்டினபடி இருந்தது. சாவி அவள் கழுத்தில்.

அன்று சாயந்தரம் ஐந்து இருபதுக்கு, வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த மாமனார் இருமினார். உள்ளங்கையில் எதையோ துப்பிப் பார்த்தார். ஓர் அரிசி. பச்சையரிசி. தேத்தண்ணியில் எப்படி விழுந்தது என்று அவள் கேட்டாள். அவர் அந்த ஒரு மணியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் பதினேழு, சனிக்கிழமை. அன்று மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது. கோயில் ஜன்னல்களுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பிரசாந்தினி பீடத்துத் துணியை மாற்றிக்கொண்டிருந்தாள். கைப்பேசியில் நேரம் பார்த்தது நினைவிருக்கிறது. நாலு பத்து.

வெஸ்ட்ரிக்குள் ஒரு சத்தம்.

தட்டுகிற சத்தம் இல்லை. அது வேறு.

நறுக்... நறுக்... நறுக்...

பச்சையரிசியை மெல்லுகிற சத்தம். ஆடு மாடு மெல்லுவது போல இல்லை. பசித்த ஆள் மெல்லுவது போல. அவசரமாக. இடையில் மூச்சு வாங்கி. பிறகு மறுபடி.

பிறகு சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் பயம் கூடியது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ, அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது.

அவள் வீட்டுக்கு ஓடினாள். குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் பிதுங்கியிருந்தது. முதுகில் தட்டினாள். ஓங்கித் தட்டினாள். தரையில் விழுந்தது ஒரு சிட்டிகை அரிசி. அவர்கள் வீட்டில் வெள்ளை நாடு மட்டும்தான் பொங்குவது. கீழே கிடந்ததில் சிவப்பும் இருந்தது. சம்பாவும் இருந்தது.

கோயில் பெட்டி அரிசி.

இருபத்துநாலாம் திகதி இன்னும் மோசம். அதே நாலு பத்துக்கு அவருக்கு மூச்சு முட்டிற்று. வாய்க்குள் விரலை விட்டு அவள்தான் எடுத்தாள். கால் பிடி இருக்கும். ஒவ்வொரு கிழமையும் கூடிக்கொண்டே போகிறது. முழுப் பிடியானால் இவர் பிழைக்கமாட்டார். அது அவளுக்குத் தெளிவாக விளங்கிவிட்டது.

அவரை உட்காரவைத்தாள். முகத்தைத் துடைத்தாள். "அந்தப் பெட்டியில என்ன மாமா இருக்கு?" என்று கேட்டாள். "யார் அது?"

ஆறு இருபதுக்கு அவர் பேசத் தொடங்கினார்.

லேயாள் என்று ஒருத்தி. கோயில் கூட்டுகிறவள். புருஷன் செத்துவிட்டான், கையில் ஒரு சின்னப் பெண். 1974இல் கடையில் அரிசி இல்லை, மாவு இல்லை. சனம் கிழங்கும் கீரையும் தின்று செத்தது. அப்போதும் கோயில் பெட்டியில் பிடியரிசி இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயந்தரம் லேயாள் பெட்டியைத் திறந்து ஒரு பிடி எடுத்தாள். பாக்கியநாதன் பார்த்துவிட்டார். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது. புதிதாக வந்த உபதேசியார்.

"பயமுறுத்தத்தாம்மா செஞ்சேன். உள்ள வச்சுத் தாழ்ப்பாளப் போட்டேன். மறுநா காலைல, சனம் வர முந்தித் தொறந்தேன். செத்துக் கெடந்தா. ஏற்கனவே பாதி உயிருதான் அவளுக்கு. பசி."

"பிள்ளை?"

"கொஸ்லந்தப் பக்கம் சொந்தக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க."

அவர் அழுதார். அவளும் அழுதாள். பிறகு அவள் யோசித்துச் சொன்னது இதுதான். லேயாளின் பெயரை வரலாற்றில் போட வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதி, விழாவில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். லேயாளுக்கு அது போதுமாக இருக்கும். அவர் தலையை ஆட்டினார். அன்றைக்கே அவள் ஒரு பக்கம் எழுதி, பதுளையில் அச்சகம் வைத்திருக்கும் ஷிராஸுக்குக் கைப்பேசியில் அனுப்பினாள்.

இருபத்தெட்டாம் திகதி புதன்கிழமை, பள்ளிக்கூட இடைவேளையில் ஷிராஸ் அழைத்தார்.

"டீச்சர், ஒங்கட புத்தகத்தில ஒரு பக்கம் கொறயுது. அதுக்குப் பதிலா என்ன போட? நம்மட கடை விளம்பரத்தப் போடவா?"

"எந்தப் பக்கம் நானா?"

"அந்த லேயாள்ற பக்கம். ஒங்கட மாமா நேத்து நேர்ல வந்து எடுக்கச் சொன்னாரே. ஒங்களுக்குத் தெரியாதா?"

வீட்டுக்கு வந்து கேட்டாள். அவர் மறுக்கவில்லை. மகன் வெளிநாட்டில் நாலு பேரோடு இருக்கிறான், அப்பன் கொலைகாரன் என்று அவன் காதில் விழ வேண்டுமா என்றார். நாற்பது வருஷம் இந்தச் சனத்துக்கு ஞானஸ்நானமும் சாவும் பார்த்தேன், என்னைக் காறித் துப்பச் சொல்கிறாயா என்றார். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் போன பொறகு எழுதும்மா. இன்னும் எத்தன நாளைக்கு."

எழுபத்தேழு வயது ஆள் கும்பிட்டால் என்ன செய்வது. அவள் சரி என்றாள்.

அவள் செய்த தப்பு அதுதான்.

ஆகஸ்ட் முப்பத்தொன்று, சனிக்கிழமை. அவள் பெட்டியைத் திறந்தாள். குழி இல்லை. அரிசி மட்டமாக இருந்தது. மாமனாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செப்டெம்பர் ஏழாம் திகதியும் அப்படியே. அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். பழைய காலம்போல ஒரு கீர்த்தனைகூட முணுமுணுத்தார். போய்விட்டாள் போல என்று பிரசாந்தினி நினைத்தாள்.

ஒன்றே ஒன்றுதான் இடித்தது. வெஸ்ட்ரிக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போன தாழ்ப்பாள். யாரும் போடுவதில்லை. போடவும் முடியாது. அன்று கூட்டும்போது விளக்குமாறு அதில் பட்டது. பட்டதும்...

கிளக்.

வெண்ணெய் பூசியதுபோல வழுக்கிப் போய் விழுந்தது. அவள் திருப்பி இழுத்து விட்டாள். ஒற்றை விரலுக்கு வந்தது. விழாவுக்காக யாரோ எண்ணெய் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மாமனாரிடம் ஒரு விஷயம் சொன்னாள். வெஸ்ட்ரியில் இருக்கிற பழைய பதிவேடுகளை எல்லாம் நாளைக்கு ஆராதனை முடிந்ததும் மேசையில் பரப்பப்போகிறேன், சனம் பார்க்கட்டும் என்றாள். அவர் கையில் இருந்த கவளம் அப்படியே நின்றது. பிறகு வாய்க்குப் போனது.

செப்டெம்பர் எட்டு. ஞாயிற்றுக்கிழமை. ஒன்பது மணிக்கு ஆராதனை. கோயில் நிரம்பி வாசலிலும் ஆள் நின்றார்கள். ஆர்மோனியம், டோலக், இரண்டு பக்கமும் பெரிய ஒலிபெருக்கி. காலையிலேயே வெளியே பனி. மாமனார் வெள்ளை வேட்டி கட்டி முதல் பெஞ்சின் ஓரத்தில் இருந்தார்.

ஒன்பது முப்பத்தைந்துக்குப் போதகர் நீண்ட ஜெபம் ஒன்று செய்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். மூன்று நிமிஷம். ஜெபத்தின் நடுவில் எங்கோ கிளக் என்று ஒரு சத்தம் கேட்டதாக அவளுக்கு ஞாபகம். கண்ணைத் திறந்தபோது மாமனாரின் இடம் காலி. வயசான ஆள், வெளியே போயிருப்பார். அடிக்கடி போகிறவர்தானே.

ஒன்பது நாற்பதுக்கு அவள் எழுந்து ஒலிவாங்கி முன் நின்று வரலாற்றை வாசிக்கத் தொடங்கினாள். 1899. கல் சுமந்தவர்களின் பெயர்கள். கூரைத் தகரம் வந்த கதை. 1950. 1962. பக்கத்தைப் புரட்டினாள். அடுத்தது 1981.

அந்த இடத்தில் குரல் ஒரு விநாடி தடுக்கியது.

டக்... டக்... டக்.

கோயில் முழுவதும் உறைந்தது.

டக்... டக்... டக்.

வெஸ்ட்ரிக்குள்ளிருந்து. பின் பெஞ்சுப் பிள்ளைகளைச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் வெளிறிப்போய் இருந்தார்கள்.

யாரோ பாட்டைத் தொடங்கினார்கள். எல்லோரும் எழுந்து பிடித்துக்கொண்டார்கள். பிரசாந்தினி ஒலிவாங்கியில் பாடினாள். லேயாள்தான். பெயரை எடுத்துவிட்டேன் என்று வந்துவிட்டாள். பாடு... பாடினால் போய்விடுவாள்.

ஒரு பாட்டு முடிந்தது. தட்டு நிற்கவில்லை.

இரண்டாவது பாட்டு. தட்டு வேகமானது. டக்டக்டக்டக்.

இப்படி ஒருநாளும் நடந்ததில்லை. குழந்தைகள் அழுதன. போதகர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "நிறுத்தாதீங்க," என்று யாரோ கத்தினார்கள். டோலக் அடிப்பவன் ஓங்கி அடித்தான். ஒலிபெருக்கியை இன்னும் கூட்டினார்கள்.

மூன்று. நாலு. ஐந்து.

கதவு அதிர்ந்தது. அவள் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. ஆனால் காதில் விழுந்தது. பத்து இருபதுக்குத் தட்டுகிற சத்தம் கீழே இறங்கியது. நெஞ்சு உயரத்திலிருந்து... முழங்கால் உயரத்துக்கு.

ஏழு. எட்டு.

இப்போது தட்டவில்லை. பிறாண்டியது. சர்ர்க்... சர்ர்க்...

ஒன்பது.

தொண்டை கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை.

பத்து.

சர்ர்க்...

பதினொன்று.

...

பத்து ஐம்பத்திரண்டு. சத்தம் இல்லை.

போய்விட்டது. சனம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். போதகர் அவசரமாக ஆசீர்வாதம் சொன்னார். எல்லோரும் வெளியே போனார்கள்.

மாமனாரை அப்போதுதான் தேடினாள். வீட்டில் இல்லை. கக்கூஸில் இல்லை. கல்லறைப் பக்கம் இல்லை.

அவள் நின்றாள்.

மெல்லத் திரும்பி, கோயிலுக்குள் போனாள்.

தாழ்ப்பாள் வெளியே போட்டிருந்தது.

இழுத்தாள். கதவு பாரமாக இருந்தது. உள்ளே எதுவோ சாய்ந்திருந்தது. திறந்ததும் அவள் காலில் விழுந்தது.

மாமா.

வாய் திறந்திருந்தது. அதற்குள் அரிசி. சிவப்பும் வெள்ளையும் சம்பாவும். தொண்டை வரைக்கும் அடைத்து, உதடு வரை வந்து நின்றது. ஒரு முழுப் பிடி. பத்து விரலிலும் நகம் பெயர்ந்திருந்தது. இடது கக்கத்தில் ஒரு பழைய பதிவேட்டை இறுக்கி வைத்திருந்தார்.

பெட்டி மூலையில் இருந்தது. பூட்டியபடி. சாவி அவளுடைய கழுத்தில்.

திறந்து பார்த்தார்கள். நடுவில் ஒரு குழி. நாலு விரல். ஒரு கட்டை விரல்.

பொலிஸ் வந்தது. தாழ்ப்பாளை யார் போட்டது என்று கேட்டது. வெஸ்ட்ரிக் கதவு பீடத்துக்குப் பக்கத்தில், இருநூறு பேர் கண் முன்னால் இருக்கிறது. ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவரைத் தவிர யாரும் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் தெரியவில்லை. அரிசி தொண்டையில் அடைத்து மரணம் என்று எழுதினார்கள். அதற்கு மேல் யாரும் எழுதவில்லை.

அவர் எதற்காக உள்ளே போனார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பதிவேட்டை ஒளிக்க. அவர் தட்டியிருக்கிறார். கத்தியிருக்கிறார். மருமகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். பத்தடி தூரத்தில், ஒலிவாங்கி முன்னால், எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டு நின்றவள் அவள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது.

நாற்பது நாள் கழித்து, ஒரு பகலில், அவள் அந்தப் பதிவேட்டைத் திறந்தாள். ஆராதனைப் பதிவேடு. திகதி, வந்தவர்கள் தொகை, பாடிய பாட்டுகளின் எண்கள். பாக்கியநாதனின் அழகான கையெழுத்து. ஒவ்வொரு ஞாயிறும் நாலு பாட்டு. நாலு... நாலு... நாலு...

1974 செப்டெம்பர் 8, ஞாயிறு. வந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.

பாட்டு, பதினொன்று.

புத்தகத்தின் கடைசியில் அடக்கப் பட்டியல் இருந்தது. லேயாள், வயது இருபத்தாறு. மரணம், செப்டெம்பர் 10, செவ்வாய். அடக்கம், 11.

ஞாயிறு காலை சனம் வரும் முன் திறந்தேன், செத்துக் கிடந்தாள் என்றார் மாமனார். திறக்கவில்லை. அந்த ஞாயிறு ஆராதனை நடக்கும்போது லேயாள் உள்ளே உயிரோடு இருந்தாள். தட்டிக்கொண்டிருந்தாள். அது பேய் என்று சொல்லித்தான் அவர் சனத்தைப் பாடவைத்திருக்கிறார். ஆனைக்கல் கோயிலின் வழக்கம் பிறந்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகும் இரண்டு நாள் அந்தக் கதவு திறக்கவில்லை.

பிரசாந்தினி புதிய பதிவேட்டை எடுத்தாள். 2024 செப்டெம்பர் 8இன் பாட்டுகளை ஆர்மோனியக்காரர் எழுதி வைத்திருந்தார். ஆராதனைக்கு என்று குறித்த நாலு தனியே. தட்டும்போது பாடியவை தனியே. இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

பதினொன்றும் அதே எண்கள். அதே வரிசை.

இரண்டையும் தூக்கிக்கொண்டு ஏசுவடியாள் அக்காவின் லயத்துக்குப் போனாள். 1974இல் அவளுக்குப் பத்து வயது. அன்றைக்கும் முதல் பெஞ்சில் இருந்தவள். அவள் பதிவேட்டைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் கதவுக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்தேன் டீச்சர். அந்தக்கா தட்டுச்சு. தட்டி ஆகலன்னு பாடுச்சு. பேயி வேதப்பாட்டு பாடாதுல்ல... பாடுனா உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சு தொறப்பாங்கன்னு பாடியிருக்கும். அது ஒரு பாட்ட எடுக்கும். ஒடனே உபதேசியாரு அதே பாட்ட ஓங்கி எடுத்து எங்களப் பாடவைப்பாரு. கேக்காம அமுக்கிருவாரு. அது வேற பாட்டு எடுக்கும். அவரும் எடுப்பாரு. பதினோரு பாட்டு. சின்னப் புள்ள நானு. சொன்னா யாரு கேப்பா."

பிரசாந்தினி இரண்டு பதிவேட்டையும் மூடி மடியில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"விழாவண்டைக்குப் பாட்டைத் தொடங்கினது நீங்கதானே அக்கா?"

ஏசுவடியாள் அப்போதுதான் திரும்பினாள்.

"நானா? நீங்க மைக்குல எடுத்துக் குடுத்தீங்கன்னுல நான் பாடுனேன்."

"நான் இல்லை அக்கா. ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் அடி கேட்ட பிறகுதான் நான் பிடிச்சன்."

அடுப்பில் விறகு சரிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தார்கள்.

"பொம்பளக் கொரலுதான் டீச்சர்," என்றாள் ஏசுவடியாள். "ஆனா உள்ளயிருந்து வரல. இந்தத் தடவ கதவுக்கு வெளியிலயிருந்து வந்துச்சு."